நீநீ பெற்ற நன்னடத்தைச் சான்றிதழ்

ஒரு நகரம் முன்னேறிவிட்டது என்பதற்குப் பாலங்கள் அடையாளம் அல்ல, மின்சாரமும் அல்ல. குரைக்கும் நாய்க்கு ஆலோசகர் கிடைக்கிறாரா என்பதே அடையாளம். அந்த அளவுகோலில் யாங்கோன் உலகின் முதல் வரிசையில் நிற்கிறது. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் மின்சாரம் நான்கு மணி நேரம் வந்துவிட்டு எட்டு மணி நேரம் போய்விடும். தண்ணீர் மின்சாரத்தைக் கேட்டுக்கொண்டுதான் மாடியேறும். ஆனால் விலங்கு நடத்தை ஆலோசகர் கைப்பேசியில் தட்டினால் மறுநாளே வருவார். ஆறு மாடியானாலும் ஏறி வருவார்.

நீலாம்பாள் வீட்டுக்கு அவர் மூன்று மாடிதான் ஏற வேண்டியிருந்தது.

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, கயிறு உண்டு. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெரு வரை ஒரு கயிறு தொங்கும். மேல் நுனியில் மணி, கீழ் நுனியில் கவ்வி. காலையில் ரொட்டிக்காரர் பையைக் கவ்வியில் மாட்டிக் கயிற்றை ஆட்டுவார். மேலே மணி அடிக்கும். வீட்டுக்காரர்கள் இழுத்துக்கொள்வார்கள். சாவி, மருந்து, கல்யாணப் பத்திரிகை எல்லாமே இப்படித்தான் மேலே போகும்.

ஆறாம் மாடியில் இரண்டு பெண் பிள்ளைகளோடு வசிக்கும் ஜைனப்புக்குத் தினமும் ஐந்து நான் ரொட்டி. கீழே மாட்டும்போது ஐந்து. மேலே வந்து சேரும்போது நான்கு, சில நாள் மூன்று. அவர் ரொட்டிக்காரரை மாற்றிப் பார்த்தார். புது ரொட்டிக்காரரின் ஐந்தும் மேலே வருவதற்குள் நான்காயிற்று.

கட்டடக் கமிட்டி கூடியது. கூடிய இடம் மூன்றாம் மாடிப் படிக்கட்டு. நடுப்பகலிலும் அங்கே இருட்டுத்தான் என்பதால் நீலாம்பாள் டார்ச்சைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"நடுவுல கொஞ்ச நேரம் கயிறு நிக்குது," என்றார் ஜைனப். "அப்புறம் லேசாகி மேல வருது."

"காத்து," என்றார் கமிட்டித் தலைவர் ஊ விநாயகமூர்த்தி. யாங்கோனில் எந்தப் பெயருக்கும் முன்னால் ஊ, டோ, கோ, மா என்று ஒரு பர்மிய மரியாதை ஒட்டிக்கொள்ளும்; பெரியவரை 'ஊலே', அதாவது மாமா, என்பார்கள்.

"காத்து ரொட்டி திங்குமா?"

"டோ ஜைனப், ஆறாம் மாடிக் காத்தைப் பத்தி மூணாம் மாடிக்காரன் நான் என்ன சொல்ல? இப்ப நம்ம முன்னால இருக்கிற பிரச்சினை ரொட்டி இல்லை. நாய்."

தலைவர் பொதுநலமே உருவானவர். நீலாம்பாளின் அடுத்த வீடு அவருடையது. இரண்டு பால்கனிகளுக்கும் நடுவே ஒரு கம்பித் தடுப்புத்தான். மேல் மாடிகளிலிருந்து தூசி விழுந்து யாரும் மனம் வருந்தக் கூடாது என்று தம் பால்கனிக்கு மேலே அவர் பெரிய தகர மறைப்பு போட்டிருந்தார். மறைப்பின் விளிம்பை உரசிக்கொண்டுதான் மேல்வீட்டுக் கயிறுகள் ஏறும், இறங்கும். மேலேயிருந்து எட்டிப் பார்த்தால் தகரம் தெரியும். தலைவர் தெரியமாட்டார். அவ்வளவு அடக்கம்.

நீலாம்பாளின் நாய்தான் அந்தச் சமூக அமைதியைக் குலைத்தது. காலை ஆறரைக்கு மணி அடிக்கும், பை ஏறும், பை மூன்றாம் மாடிக்கு வந்ததும் நாய் வெறிபிடித்ததுபோல் குரைக்கும். பை நான்காம் மாடி தாண்டியதும் நிறுத்திவிடும்.

தீர்மானம் எழுதப்பட்டது. மேற்படி நாயின் உரிமையாளர் இருபத்தொரு நாட்களுக்குள் 'தொழில்முறை உதவி' பெற்று நன்னடத்தைச் சான்றிதழ் சமர்ப்பிக்க வேண்டும். தவறினால் நாய் படகேற்றி ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் விடப்படும். ஆதரவாகத் தூக்கிய கைகளைத் தலைவர் எண்ணினார். டார்ச் பிடித்திருந்த கையும் அதில் சேர்ந்துகொண்டதால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

நீலாம்பாளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. நாய் அவளுடைய தம்பி சின்னத்தம்பியுடையது. போன வருடம் தாய்லாந்துக்குக் கிளம்பியபோது அவன் சட்டி பானையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அக்கா, நான் வர்ற வரைக்கும் இவனை விட்டுடாதே," என்று மட்டும் சொன்னான். செவலை நாய் என்பதால், பர்மிய மொழியில் சிவப்பைக் குறிக்கும் 'நீ'யை இரட்டித்து நீநீ என்று பெயர் வைத்தவனும் அவன்தான். இணைப்புக் கிடைக்கிற வாரங்களில் போன் செய்து முதலில் நாயிடம் பேசுவான். நாய் போனை நக்கும். பிறகுதான் அக்கா.

ஆலோசகர் கோ பைசல் வந்தார். இணையத்தில் ஆறு வாரம் படித்துப் பட்டம் பெற்று 'சயா', அதாவது ஆசான், ஆனவர். நாயைப் பார்க்கும் முன் படிவத்தைப் பார்த்தார். நீலாம்பாளைப் பர்மிய முறைப்படி 'அமா', அதாவது அக்கா, என்று அழைத்தார்.

"அமா, இது குட்டியா இருந்தப்ப ஏதாச்சும் மன உளைச்சல்?"

"ரயில்வே லைன் ஓரத்துல பொறந்தது, சயா."

"ரயிலைப் பார்த்துக் குரைக்குமா?"

"தூங்கும்."

"யாரைப் பார்த்துக் குரைக்குது?"

"தலைவர் வீட்டுப் பக்கம் பார்த்து. வேற யாரையும் இல்லை. மீட்டர் பார்க்க வர்றவரோட காலைக்கூட நக்கும்."

'அதிகாரத்தின் மீது காழ்ப்பு' என்று எழுதிக்கொண்டார்.

"சயா, அது எதையோ பார்த்துத்தான் குரைக்குதுன்னு எனக்குத் தோணுது."

கோ பைசல் பரிவோடு சிரித்தார். "எல்லா வீட்டுலயும் இதையேதான் சொல்றாங்க, அமா. எதைப் பார்த்துக் குரைக்குதுன்னு தேடிப் போனா நாய் குணமாகாது. நவீன முறையில நாங்க காரணத்தைப் பார்க்கிறதில்லை. சத்தத்தை மட்டும் பார்ப்போம்."

நோய்க்கும் பெயர் கிடைத்தது: 'ஏறுபொருள் பதற்றம்'. மருந்து எளிது. மணி அடிக்கும்போது நாய் வாயை மூடியிருந்தால் உடனே தின்பண்டம் தர வேண்டும். எந்தத் திசையைப் பார்த்துக் குரைக்கிறதோ அந்தத் திசையிலிருந்தே தின்பண்டம் வருவது உத்தமம்.

அடுத்த பால்கனியிலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. "நானே தர்றேன், சயா," என்றார் தலைவர். "என் ரொட்டியிலேருந்தே தர்றேன்."

கமிட்டி அவருக்கு நன்றி தெரிவித்துத் தனித் தீர்மானம் போட்டது.

சிகிச்சை தொடங்கியது. ஆலோசகர் சொன்னபடி நீலாம்பாள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். உரிமையாளரைக் கண்டால் நாய்க்குக் கவனம் சிதறுமாம். தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் காதால் கேட்டுக் குரைப்புகளை நோட்டில் குறித்தாள். முதல் நாள் நாற்பத்து மூன்று. நான்காம் நாள் முப்பது. பத்தாம் நாள் பதினொன்று. பதினாறாம் நாள் ஒரு முனகல். அதைக் கால் குரைப்பு என்று கணக்கிடச் சொன்னார் கோ பைசல். வரைபடம் அழகாகச் சரிந்தது. அதை அவர் தம் இணையப் பக்கத்தில் பதிவேற்றினார்.

சரிந்தது அது ஒன்று மட்டுமல்ல. "இப்பல்லாம் ரெண்டுதான் வருது, நீலா," என்றார் ஜைனப், படியில் மூச்சு வாங்கிக்கொண்டே. "பிள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு. நான் வெறும் டீ. உன் நாய் எப்படி இருக்கு?"

"நல்லாகிட்டு வருதுக்கா."

"ஏதாச்சும் ஒண்ணாவது நல்லாகட்டும்."

இருபதாம் நாள் மணி அடித்தது. குரைப்பு இல்லை. முனகலும் இல்லை. வாலாட்டும்போது கம்பியில் படும் சத்தம்கூட இல்லை. நாய் கீழே விழுந்துவிட்டதோ என்று பயந்து நீலாம்பாள் பால்கனிக்கு ஓடினாள்.

நீநீ முன்கால்களைச் சேர்த்து, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தது. அடுத்த பால்கனியில் தலைவர் குடையின் வளைந்த பிடியால் ஜைனப்பின் கயிற்றைத் தகரத்துக்கு அடியில் இழுத்து வைத்திருந்தார். பையிலிருந்து ஒரு ரொட்டி எடுத்தார். இன்னொன்று. இன்னொன்று. ஒன்றைப் பாதியாகக் கிழித்துக் கம்பித் தடுப்புக்கு மேலே நீட்டினார். நீநீ மரியாதையாக வாங்கிக்கொண்டது.

பிறகுதான் அவர் நீலாம்பாளைப் பார்த்தார். பதறவில்லை. குடையையும் விடவில்லை.

"நாளைக்கு சயா வர்றாரில்ல, மா நீலா? கடைசி நாள்."

"ஆமா, ஊலே."

"இந்த நேரத்துல மூணாம் மாடியில சத்தம் கேட்டா நல்லா இருக்காது. டாலாப் படகு மத்தியானம் வரைக்கும் ஓடுது."

மேலேயிருந்து ஜைனப்பின் குரல் இறங்கியது. "நீலா, கயிறு நிக்குது பாரு. யாரும் புடிச்சிருக்காங்களா?"

நீலாம்பாள் வாயைத் திறந்தாள். நீநீ அவளை அண்ணாந்து பார்த்தது. அதன் மீசையில் ரொட்டித் துணுக்கு ஒட்டியிருந்தது. அவளுக்குச் சின்னத்தம்பியின் குரல் கேட்டது. அடுத்த வாரமே போன் வந்தாலும் வரலாம். தலைவர் மீதிப் பாதியைத் தடுப்புக்கு மேலே நீட்டினார். இந்த முறை கை கொஞ்சம் உயரத்தில் நின்றது.

அவள் கைக்கு வந்த ரொட்டி இன்னும் சூடாக இருந்தது.

"காத்துக்கா," என்று மேலே பார்த்துச் சொன்னாள்.

தலைவர் குடையை எடுத்தார். கயிறு லேசாகி மேலே போனது.

மறுநாள் கோ பைசல் வந்து சோதித்தார். மணி அடித்தது, பை ஏறியது, நின்றது, மறுபடி ஏறியது. கட்டடம் முழுக்க ஓர் ஓசை இல்லை. சான்றிதழைச் சட்டம் போட்டே கொண்டுவந்திருந்தார். தலைவர் கையால் வழங்கப்பட்டது. ஜைனப்பும் ஆறு மாடி இறங்கி வந்து கைதட்டினார்.

கமிட்டியின் ஆண்டறிக்கையில் இந்தச் சாதனைக்குத் தனிப் பத்தி ஒதுக்கியிருக்கிறார்கள். 'நவீன முறையினால் மூன்றாம் மாடியில் குரைக்கும் பழக்கம் அறவே ஒழிந்தது' என்று அது முடிகிறது. அதில் பொய் ஒன்றும் இல்லை. சான்றிதழ் விஷயத்தில்தான் சிறு தவறு நேர்ந்துவிட்டது. நீநீயின் பெயருக்கு ஒன்று மட்டும் தந்தார்கள். நியாயமாகப் பார்த்தால் அந்த வீட்டுக்கு இரண்டு தந்திருக்க வேண்டும்.