மடக்கு சைக்கிள் விற்ற லாபம்

லாபம் பார்த்தவன் வரி கட்ட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. நஷ்டப்பட்டவனும் கட்டலாம் என்பதை மலேசியாவில் கிள்ளானை ஒட்டிய எங்கள் மேரு ஊரில் முதன்முதலாக நிரூபித்தவன் நான்தான்.

கோவிட் ஓய்ந்த வருஷம் கிள்ளான் முழுக்க மடக்கு சைக்கிள் பைத்தியம் பிடித்திருந்தது. தொந்தி வைத்தவர்களெல்லாம் இறுக்கமான கால்சட்டை மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். நானும் நாலாயிரத்து இருநூறு வெள்ளிக்கு ஒன்று வாங்கினேன். மனைவி தஸ்லீமாவிடம் அறுநூற்றைம்பது என்றேன். வீட்டில் அமைதி முக்கியம் பாருங்கள். இரண்டே தடவை ஓட்டினேன். அதற்கப்புறம் அதில் கைலிதான் காய்ந்தது.

போன மாதம் இணையத்தில் போட்டு ஆயிரத்து எண்ணூறுக்குத் தள்ளிவிட்டேன். ஆயிரத்து நூற்றைம்பது லாபம் என்று தஸ்லீமா தெரு முழுக்கச் சொல்லி என்னை வியாபாரப் புலி ஆக்கிவிட்டாள். நானும் வெட்கமில்லாமல் உறுமிக்கொண்டு திரிந்தேன்.

பத்தே நாளில் வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. 'தாங்கள் தங்களது சொந்த உபயோகப் பொருளை இணையவழி விற்றமை எமது மேலான கவனத்திற்கு வந்துள்ளது. வாங்கிய விலைக்குக் குறைத்து விற்றிருப்பின் வரி இல்லை. கூட்டி விற்றிருப்பின் உண்டு. நேரில் வருக.' அசல் ரசீது என் பர்சின் உள்மடிப்பில் பத்திரமாக இருந்தது. தனியாகப் போய் நீட்டியிருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் புலியின் வீரத்தை நேரில் பார்க்க வேண்டுமென்று தஸ்லீமாவும் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

கவுண்டரில் யுகேந்திரன் என்ற இளம் அதிகாரி. சைக்கிள் படத்தைப் பார்த்தார், என் தொந்தியைப் பார்த்தார்.

"எவ்வளவுக்கு வாங்குனீங்கண்ணே?"

"அறுநூத்தம்பது."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. இது மூவாயிரத்துக்குக் கீழ கிடைக்காது லா. அப்படின்னா வரியே இல்ல."

மனுஷன் தங்கம். வரி வேண்டாம் என்று கெஞ்சுகிற அதிகாரியை ஆயுசில் அன்றுதான் பார்த்தேன்.

"இவங்க பேரம் பேசினா கடைக்காரனே அழுதுருவான் சார்," என்றாள் தஸ்லீமா பெருமையாக.

பர்சைத் திறந்தேன். ரசீதை விரலால் ஒதுக்கிவிட்டு, இல்லாத லாபத்தில் பத்து சதவீதம், நூற்றுப் பதினைந்து வெள்ளியை எடுத்து வைத்தேன்.

அப்போது யுகேந்திரன் கணினியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அதே முகவரியில் இன்னொரு பெயரும் இருக்கிறதாம். தஸ்லீமா. கைப்பை ஒன்று. விற்ற விலை ஆயிரத்து நூறு. எந்தப் பை என்று எனக்குத் தெரியும். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் எண்பது வெள்ளிக்கு வாங்கியதாகக் காட்டினாளே, அதுதான்.

"நீங்க எவ்வளவுக்கு வாங்குனீங்கக்கா?"

தஸ்லீமா என்னைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"எம்பது," என்றாள் மெல்ல.

பணம் எடுக்க அவள் பர்சைத் திறந்தபோது, உள்மடிப்பில் நாலாக மடித்த தாள் ஒன்று தெரிந்தது. நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தேன்.

யுகேந்திரன் இரண்டு பேருக்கும் முத்திரை குத்திக் கொடுத்தார்.

"தனியா வர்றவங்க யாரும் இங்க வரி கட்டுறதில்லண்ணே. ஜோடியா வர்றவங்கதான்."

சொல்லி முடிப்பதற்குள் அவர் கைப்பேசி அடித்தது. மணிக்கட்டில் பளபளத்த புதுக் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டு எடுத்தார்.

"இல்லம்மா, ஆஃபர்ல வாங்குனது. நூத்தம்பதுதான்."