இன்ன இடத்தில் இன்னது

எந்த அவசரத்துக்கும் தயார் என்று யாராவது சொன்னால் நான் உடனே செருப்பைத் தேடுவேன். தயாராகாதவர்கள் அவசரம் வந்த பிறகுதான் தவிப்பார்கள். ரொம்பத் தயாராகிறவர்கள் அவசரத்தை அவர்களே உண்டாக்கிவிடுவார்கள். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 2005ஆம் வருஷக் கோடையில், வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, மரக்காணத்தில் பாதிப் பேரைத் தெருவில் ஓடவிட்டுத் தெரிந்துகொண்டேன்.

அப்போது நான் எங்கள் ஊர் கேபிள் சேனலில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தேன். (செய்தி என்றால் தண்ணீர் வராத தெரு, காணாமல் போன பசு, கட்சிக்காரர் மகளுக்குக் காதுகுத்து. ரொம்பப் பெரிதாக நினைத்துவிட வேண்டாம்.) உரக்கடை மாடியில் ஒரே அறை. சுவரில் நீலத் துணி. எதிரே ஒரு கேமரா. பி.காம். படிப்பை அரியரோடு முடித்திருந்த எனக்கோ, சென்னையிலிருந்து ஏதோ ஒரு பெரிய சேனல் எந்த நிமிஷமும் கார் அனுப்பும் என்ற நம்பிக்கை. அதற்குப் பயிற்சியாகக் காய்கறிக்காரரிடம்கூடச் செய்தித் தமிழில்தான் பேசுவேன். "கத்தரிக்காய் விலை மேலும் உயர்ந்துள்ளதா?" என்று கேட்டால், அவர் என் அம்மாவைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

சேனல் ஹமீது பாயுடையது. கல்ஃபில் எலக்ட்ரீஷியனாக இருந்து திரும்பியவர். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சேனலில் வழக்கம்போல விருப்பப் பாடல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு பாய் பழைய பாயாக இல்லை. டீ குடித்துக்கொண்டே இருப்பார், திடீரென்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ரீட்டா, இன்னொரு தடவை வந்தா நாம இன்னா பண்ணுவோம்?" என்று கேட்பார். "நியூஸ் படிப்பேன் பாய்" என்பேன்.

பெரிய சேனல்கள் ஆபத்துக் காலத்துக்கான இசை, எழுத்து, அறிவிப்பு எல்லாவற்றையும் முன்கூட்டியே தயாராக வைத்திருக்கும் என்று சென்னையில் யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். பாய் இறங்கிவிட்டார். இன்வெர்ட்டர் வந்தது. சோக ஷெனாய் சிடி வந்தது. எனக்கு ஒரு வெள்ளைப் பருத்திச் சேலையும் வந்தது.

"எதுக்கு பாய்?"

"புயல் வருதுன்னு சொல்றப்போ ஜிகினா சேலையில சொன்னா எவன் நம்புவான்?"

அது நியாயம்தான். சேலைக்கு 'அவசரச் சேலை' என்று பெயர் வைத்து ஆணியில் மாட்டினோம்.

அறிவிப்பை நான் எழுதினேன். என்ன ஆபத்து, எங்கே வரும் என்று முன்கூட்டித் தெரியாதே, அதனால் தெரியாத இடத்திலெல்லாம் 'இன்ன' என்று போட்டுவைத்தேன். வேண்டியபோது வேண்டியதை நிரப்பிக்கொள்ளலாம். என் புத்திசாலித்தனத்தை நினைத்து அன்று எனக்கே புல்லரித்தது.

ஒத்திகை நாள் வந்தது. காலை வெயில் ஏறியிருந்த நேரம். ஊருக்குப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நாங்கள் உள்ளே ஒத்திகை பார்ப்பதாகத் திட்டம். எல்லாம் நிஜம் போலவே நடக்க வேண்டும் என்று பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் அவசரச் சேலையைக் கட்டிக்கொண்டேன். மெயின் சுவிட்சை அணைத்து இன்வெர்ட்டரில் ஓட்டினோம். இன்வெர்ட்டர் தாங்காது என்று, தேவையில்லாத சாமான்களை அணைத்தோம். ஊருக்கு என்ன போகிறது என்று காட்டும் டிவி அதில் ஒன்று. வாசிக்கும்போது மணி அடிக்கக் கூடாது என்று போன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தோம். பாயின் செல்போன் எப்போதும் ஆஃப்தான். (அவர் யாருக்காவது பேச வேண்டுமென்றால் மட்டும் அது விழிக்கும்.) ஆக, வெளியிலிருந்து எங்களுக்குச் செய்தி வரக்கூடிய எல்லா வழியையும் முறையாக அடைத்துவிட்டு உட்கார்ந்தோம்.

கேமரா, சுவிட்ச், ஒயர் எல்லாவற்றுக்கும் செல்வம் அண்ணன் ஒருவர்தான். அவர் கை காட்டினார். நான் ஆரம்பித்தேன்.

"நேயர்களுக்கு ஓர் அவசரச் செய்தி. இன்ன இடத்தில் இன்னது ஏற்பட்டிருப்பதாக இன்னார் தெரிவித்துள்ளார். எனவே பொதுமக்கள் பதற்றமடையாமல் உடனடியாக இன்ன இடத்திற்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

"கல்யாணத்துக்குக் கூப்புடுற மாரி இருக்குது" என்றார் பாய். "மூஞ்சியில கவலை வேணும்மா."

மறுபடி படித்தேன். கவலை போதவில்லை. அடுத்த முறை, என் அரியர் பேப்பர்களை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு படித்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது, 'பதற்றமடையாமல்' என்ற இடத்தில் குரல் உடைந்து தேம்பிவிட்டேன். எனக்கே திருப்தியாக இருந்தது.

"இது ஜாஸ்தி. கொஞ்சம் கொறைச்சுக்க" என்றார் பாய்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "பாய், கடல்னு சொல்லட்டுமா, வேணாமா?"

"வேணாம், வேணாம். இப்ப இன்னதுன்னே இருக்கட்டும்."

பாயிடம் மைக் இல்லை. மைக் என் சேலையில் குத்தியிருந்தது. செல்வம் அண்ணன் பாட்டுக்கும் கேமராவுக்கும் நடுவிலுள்ள சுவிட்சைத் தப்பான பக்கம் தட்டிவிட்டிருந்தார். நாங்கள் செய்ததெல்லாம் ஆரம்பத்திலிருந்தே ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது.

முதல் தடவை படித்தபோது எல்லாரும் சிரித்தார்களாம். வெள்ளைச் சேலையில் நான் தேம்பியதும் சிரிப்பு நின்றதாம். அப்புறம் ஒரு பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கடல் என்று சொல்லட்டுமா என்று யாரிடமோ அனுமதி கேட்டால், மரக்காணத்தில் யார் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்?

தெருவில் சத்தம் கேட்டு நான்தான் ஜன்னலுக்குப் போனேன். மூட்டையும் பிள்ளையுமாக ஜனங்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். உப்பளத்து ஆட்கள் காலில் சேறோடு ரோட்டில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஒரு மொபெட்டில் ஒரு குடும்பமும் ஒரு ஆடும் போயின.

திரும்பிக் கத்தினேன். "பாய், நெஜமாவே வந்துடுச்சு."

"இன்னா வந்துடுச்சு?"

"இன்னது."

பாய் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது. ஆனால் இத்தனை மாதம் அவர் காத்திருந்த நேரம் இது. "யா அல்லாஹ். செல்வம், லைவ் போடு. ரீட்டா, உக்காரும்மா."

எனக்கு வெளியே ஓடத்தான் தோன்றியது. இருந்தும் உட்கார்ந்தேன். செல்வம் அண்ணன் சுவிட்சைத் தட்டினார். அதோடு நான் ஊர் டிவியிலிருந்து காணாமல் போனேன், அந்த இடத்தில் ஒரு குத்துப்பாட்டு வந்தது. அதுவரை வீட்டில் தைரியமாக இருந்த சிலர், சேனல்காரர்களும் ஓடிவிட்டார்கள் என்று முடிவுகட்டி அப்போதுதான் கிளம்பினார்களாம். இது தெரியாமல், என்ன ஆபத்து என்றே தெரியாத ஓர் ஆபத்தை நான் வீரமாக அறிவித்துக்கொண்டிருந்தேன். யாரும் பார்க்காத அந்த வாசிப்புதான் என் வாழ்க்கையிலேயே சிறந்த வாசிப்பு என்று இன்றும் நம்புகிறேன்.

கதவு படாரென்று திறந்தது. அம்மா. தலை அவிழ்ந்து, ஒரு காலில் செருப்பில்லாமல், மூச்சு வாங்க நின்றாள். எல்லாரும் மேட்டுப் பக்கம் ஓடும்போது அவள் மட்டும் எதிர்ப்பக்கமாக ஓடி வந்திருக்கிறாள்.

"ஏண்டி, ஊரையெல்லாம் போவச் சொல்லிட்டு நீ இங்க உக்காந்து இன்னா பண்ற?"

"எங்கம்மா போவச் சொன்னேன்?"

"அதான் எனக்கும் புரியல. டிவியில இப்பதான சொன்ன, அழுதுகினு."

செல்வம் அண்ணன் மெதுவாகத் திரும்பிச் சுவிட்சைப் பார்த்தார். பாய் செல்வம் அண்ணனைப் பார்த்தார். அம்மா என் கையை விடவில்லை. எனக்கு அப்போது நிஜமாகவே அழுகை வந்தது. அதைப் படம்பிடிக்க யாரும் முன்வரவில்லை.

"பள்ளிவாசல் மைக்ல சொல்லிடட்டுமா?" என்றார் பாய்.

"வேணாம் பாய். மைக்கக் கேட்டா இன்னும் ஓடுவாங்க" என்றேன்.

பாயின் வேனில் போனோம். கூட்டமெல்லாம் மேட்டில் இருந்த பெரிய பள்ளிக்கூடத்து மைதானத்தில் நின்றது. வெள்ளைச் சேலையோடு நான் இறங்கியதும் சிலர் மறுபடி அழ ஆரம்பித்தார்கள். படியில் ஏறி நின்றேன். செய்தித் தமிழில் ஒரு சொல்கூட வரவில்லை.

"ஒண்ணும் வரலீங்க. சும்மா படிச்சுப் பார்த்தோம். அது டிவியில வந்துட்டுது. மன்னிச்சிடுங்க."

கூட்டத்தில் ஒருவர், "டேய், இவனுங்க டிஷ்ஷ ஒடைச்சாதான்டா சரிப்படும்" என்றார். உப்பளத்துக்காரர்கள், போட்டது போட்டபடி வேலையை விட்டு வந்ததைச் சொல்லிக் கத்தினார்கள். பாய் என் முன்னால் வந்து நின்றுகொண்டார். "திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க. பொண்ணு நான் சொன்னதைத்தான் படிச்சுது."

அப்போது மீனவக் குப்பத்து அஞ்சலை அக்கா மீன் கூடையோடு முன்னால் வந்தாள். சுனாமியில் மாமியாரைப் பறிகொடுத்தவள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"இன்னாத்துக்கு கத்துறீங்க?" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "அன்னிக்கு டிவியில பாட்டுதான் ஓடிச்சு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. இன்னிக்கு தப்பாவாவது சொன்னாங்க இல்ல?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, அடுத்த தடவை எடத்தை மட்டும் சொல்லிடு. நான் மொதல்ல பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிட்டேன்."

யாரோ சிரித்தார்கள். அது அப்படியே பரவியது. பாய் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி நின்று கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். அப்புறம் டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு, மைதானத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் டீயும் பன்னும் கொடுக்கச் சொன்னார். கலைந்து போக யாருக்கும் மனமில்லாமல் மதியம் ஆகிவிட்டது.

சென்னையிலிருந்து கார் வரவேயில்லை. வானூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். என் பிள்ளைகளிடம் எங்கே கிளம்புகிறாய் என்று கேட்டால், இன்றுவரை, "இன்ன இடத்துக்கும்மா" என்றுதான் பதில். அவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது என் அம்மா.

மரக்காணத்துப் பக்கம் புயல் சின்னம் என்று செய்தி வந்தால் எனக்கு ஒரு போன் வரும். போன மழைக்காலத்திலும் வந்தது.

"ரீட்டா, அஞ்சலை பேசறேன். டிவியில சொல்றான், போலீஸ் வண்டியிலயும் சொல்லிட்டுப் போறான். நீ சொல்லு, போவட்டுமா?"

"போங்கக்கா. பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போங்க."

"சரி" என்றாள். மூட்டை கட்டும் சத்தம் கேட்டது. "அழுவாம சொல்ற. அப்ப பெருசா ஒண்ணும் இருக்காது."