சனிக்கிழமை ஆறு மணி சௌனா

குவோப்பியோ,
அக்டோபர், சனிக்கிழமை சாயங்காலம்

அன்பும் மதிப்பும் மிக்க ஹில்கா அக்காவுக்கு, தம்பி ரைமோ வணக்கத்துடன் எழுதுவது.

நீயும் அத்தானும், அத்தானின் இரண்டு முழங்கால்களும் ஊலுவில் சுகமென்று நம்புகிறேன். இங்கே உன் தம்பி பெண்டாட்டி ஹெல்யா சுகம். உன் செல்ல மருமகள், என் பெண் சாய்மி, தேவைக்கு அதிகமாகவே சுகம். நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உன்னிடம் பொய் சொல்லி நான் என்றைக்குத் தப்பித்திருக்கிறேன்?

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்ப வேண்டும். பயப்படாதே, வீட்டை விற்கவில்லை. அம்மாவின் வீடு நம் இருவர் பெயரிலும் இருப்பதால், குடியிருப்போர் கூட்டத்தில் நம் வீட்டு ஓட்டைப் போட உன் சம்மதமும் வேண்டுமாம். இத்தனை வருஷம் யாரும் கேட்காத சட்டம். ஓட்டுகள் சமமாக நிற்கின்றன என்றதும் நிர்வாகிக்குத் திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது. நம் ஓட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம்தான் ஜெயிக்கும். என் சனிக்கிழமை சௌனா எனக்குத் திரும்பக் கிடைப்பதும் கிடைக்காததும் இப்போது உன் கையில்தான் இருக்கிறது.

உனக்கென்ன, தனி வீடு, தனி சௌனா. நினைத்தபோது அடுப்பை மூட்டி, கல் சூடானதும் தண்ணீர் ஊற்றி, ஆவியில் உட்கார்ந்துகொள்வாய். எங்களைப் போன்ற அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு அடித்தளத்தில் இருப்பது ஒன்றே ஒன்று. வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம். அம்மாவிடமிருந்து எனக்கு வந்ததோ செவ்வாய்க்கிழமை நான்கு மணி! வேலையிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து குளித்துவிட்டு, வியர்வை அடங்குமுன் திரும்ப ஓட வேண்டும். அப்படிப் பல வருஷம் அவதிப்பட்ட பிறகு, முதல் மாடிப் பெரியவர் முதியோர் இல்லத்துக்குப் போனபோதுதான் அவருடைய சனிக்கிழமை ஆறு மணி எனக்கு வந்தது. நான் பூங்கொத்து வாங்கிக்கொண்டு போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தேன். பாசத்தில்தான் போனேன். ஹெல்யா இன்றுவரை நம்பவில்லை.

அந்த ஆறு மணியிலும் ஒரு குறை இருந்தது. எனக்கு முன்னால் ஐந்து மணிக்கு எதிர்வீட்டு கோர்பெலா. மனிதர் போகிற போக்கில் வாளியில் இருக்கிற தண்ணீரையெல்லாம் கல்லின் தலையில் கொட்டிவிட்டுப் போவார். நான் போகும்போது அடுப்பு ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கும். அவரிடம் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பாய். நாம் அப்படிப்பட்ட குடும்பமா? நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமலேயே வருஷக்கணக்காகக் கோபமாக இருந்தேன். வெளியே கிளம்பும்போது கதவு ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்ப்பேன். மாடிப்படியில் யாரும் இல்லை என்றால்தான் கதவைத் திறப்பேன். இது எங்கள் கட்டடத்தில் எல்லாரும் செய்வதுதான். சில காலைகளில் அவர் கதவுக்குப் பின்னால் அவரும் என் கதவுக்குப் பின்னால் நானும் நின்று, இரண்டு பேருமே பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறோம்.

இப்படி மரியாதையாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் மே மாதம் வந்தது. குடியிருப்போர் கூட்டம் நடக்கும் அதே மாலையில் நம் ஆட்கள் ஐஸ் ஹாக்கியில் ஸ்வீடனோடு மோதுகிறார்கள். எது முக்கியம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாய்மிக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. "என் சார்புல நீ போய் உக்காரு. எல்லாரும் கை தூக்கறப்ப நீயும் தூக்கு. காபியும் பன்னும் குடுப்பாங்க, சாப்பிட்டுட்டு வா" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். நான் மாட்ச் பார்த்தேன், நாம் ஜெயித்தோம். அவளும் கன்னம் சிவக்கத் திரும்பி வந்தாள்.

"அப்பா, நம்ம தீர்மானம் ஜெயிச்சிடுச்சு!"

"நம்ம தீர்மானமா? நமக்கு ஏதும்மா தீர்மானம்?"

இருந்திருக்கிறது. இனி சௌனா அடுப்பு புதன், சனி இரண்டு நாள்தான் எரியும். முதலில் கட்டடத்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து, அப்புறம் ஆண்கள் எல்லாரும் சேர்ந்து. வீட்டுக்கு வீடு தனி நேரம் கிடையாது. செப்டம்பரில் ஆரம்பித்து அக்டோபர் கடைசிவரை சோதனை, பிறகு ஒரு கூட்டம் போட்டு இதையே நிரந்தரமாக்குவதா என்று முடிவு. ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்ததாம். அந்த ஓட்டு யாருடையது என்று நீயே யோசித்துக்கொள். என் சனிக்கிழமையை என் கையாலேயே தூக்கிக் கொடுத்துவிட்டு ஹாக்கிக்குக் கை தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு ஆள் குளிக்கறதுக்கு அந்த அடுப்பு சாயங்காலம் பூரா எரியுதுப்பா" என்றாள்.

"காலங்காலமா நாங்க அப்படித்தானே குளிக்கிறோம்!"

"காலங்காலமா ஏரி நவம்பர்லயே உறைஞ்சுதுன்னு நீதானே சொல்லுவே? போன குளிர்காலம் பூரா உன் ஐஸ் துளைக்கிற கருவி எங்க கெடந்துச்சு?"

பரணில் கிடந்தது அக்கா. ஜனவரியிலும் ஐஸை நம்பிக் கால் வைக்க முடியவில்லை. ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்கத் தூண்டிலோடு போய், கரையில் நின்று கறுப்புத் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். எனக்கு அது எவ்வளவு வருத்தம் என்று ஹெல்யாவிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் அதற்காக என் ஆறு மணியிலா கை வைப்பது?

இந்தப் பெண் சண்டைக்காரியாக இருந்தால்கூடச் சமாளித்துவிடலாம். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே செய்கிறாள். குளியலறையில் ஒரு மணல் கடிகாரத்தை வைத்திருக்கிறாள். மணல் இறங்குவதற்குள் சோப்புப் போட்டு அலசி முடிக்க வேண்டும். நான் பாதி நுரையோடு நிற்பதுண்டு. சௌனாவுக்குப் பிறகு நான் ஆசையாகச் சாப்பிடும் சாசேஜை மாற்றிவிட்டு, பட்டாணியில் செய்த சாசேஜ் வாங்கி வைக்கிறாள். அது நன்றாக இருக்கிறது, அதுதான் எனக்கு எரிச்சல். வசந்தத்தில் கேனரி தீவுக்குப் போகலாம் என்று நானும் ஹெல்யாவும் விமானம் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள். திட்டவில்லை, விமானம் கக்கும் புகையைப் பற்றிப் பேசவில்லை, பெருமூச்சுகூட விடவில்லை. "நல்ல வெயிலா இருக்கும்ல அங்க?" என்று மட்டும் கேட்டாள். நாங்கள் ரயிலேறி உன் வீட்டுக்கு வந்தோம். என்னடா இது திடீர்ப் பாசம் என்று அன்றைக்கு நீ கண் கலங்கினாயே, இதுதான் அந்தப் பாசம்.

செப்டம்பரில் வீடு வீடாகப் போய் மணி அடித்துப் புது ஏற்பாட்டை விளக்கினாள். எங்கள் கட்டடத்தில் மணி! நெருப்புப் பிடித்தால்கூடக் கடிதத் துவாரத்தில் சீட்டுப் போடுகிறவர்கள் நாங்கள். இரண்டாம் மாடி அம்மாள் யாரோ காலமாகிவிட்டார்கள் என்று நினைத்து, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கதவைத் திறந்தாளாம்.

முதல் சனிக்கிழமை போனேன். ஆறு ஆண்கள், ஒரு துண்டுத் துணி கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. ஒருவர் தண்ணீர் ஊற்றினார். அடுத்தவர், தான் மட்டும் ஊற்றாமல் இருந்தால் தப்பாக நினைப்பார்களோ என்று அவரும் ஊற்றினார். அப்படியே வரிசையாக எல்லாரும் ஊற்றினோம். காது எரிகிறது, யாரும் எழுந்திருக்கவில்லை. முதலில் எழுந்து போகிறவன் தோற்றவன் அல்லவா? கடைசியில் முதல் மாடித் தபால்காரர், "அடுப்புல உருளைக்கிழங்கு வச்சிட்டு வந்துட்டேன்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஓடினார். மீதி ஐந்து பேருக்கும் உடனே அவரவர் வீட்டு உருளைக்கிழங்கு ஞாபகம் வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமைதான் என் மானம் போனது. சௌனாவுக்குள் கண்ணாடி போட்டுக்கொண்டு போனால் மூக்கு வெந்துவிடும், கழற்றித்தான் வைக்க வேண்டும். கண்ணாடி இல்லாமல் எனக்கு மனிதர்கள் எல்லாரும் ஒன்றுதான். மேல் படியில் என் பக்கத்தில் ஒருவர் இருந்தார். கல்லுக்கு வலிக்காமல், அளவாக, அழகாகத் தண்ணீர் ஊற்றினார். நான்காம் மாடிக்குப் புதிதாக வந்த வாத்தியார் என்று நினைத்துக்கொண்டேன். என் வாயில் சனி புகுந்தது.

"எவ்வளவு பதமா ஊத்தறீங்க!" என்றேன்.

"இத்தனை பேர் உக்காந்திருக்கோமே, பாத்துத்தானே ஊத்தணும்" என்றார்.

மீன் பிடிப்பீர்களா என்று கேட்டேன். பிடிப்பாராம். போன குளிர்காலம் அவரும் கரையிலேயே நின்றுவிட்டுத் திரும்பினாராம். "வீட்டுல யார்கிட்டயும் சொல்லலை. ஆனா மனசே சரியில்லைங்க" என்றார். எனக்கு அப்படியே அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சௌனாவில் அதெல்லாம் முடியாது என்பதால் மனதுக்குள் இருந்ததைக் கொட்டிவிட்டேன்.

"உங்கள மாதிரி ஒருத்தர் எனக்கு முன்னாடி குளிச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்! எனக்கு வாய்ச்சது கோர்பெலான்னு ஒரு எருமை மாடு. அவ்வளவு தண்ணியையும் கொட்டிக் கல்லைச் சாகடிச்சிட்டுப் போவான்."

"அடடா. நீங்க சொல்லிப் பாக்கலையா?"

"அந்த ஆள்கிட்டயா? சொன்னா கேக்கற மூஞ்சி இல்லைங்க அது."

"ஆமா" என்று அவர் இன்னும் கொஞ்சம் தண்ணீரை அளவாக ஊற்றினார். "சில பேருக்கு மூஞ்சி அப்படி அமைஞ்சுடுது."

உடை மாற்றும் அறைக்கு வந்து கண்ணாடியைத் துடைத்து மாட்டினேன். எதிரே அவர் சட்டை போட்டார், கோட்டுப் போட்டார், பச்சைக் கம்பளித் தொப்பியை எடுத்துத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார். வருஷக்கணக்காகக் கதவு ஓட்டை வழியாக நான் பார்த்த அதே தொப்பி. "நல்ல ஆவி இன்னைக்கு" என்று சொல்லிவிட்டு கோர்பெலா மாடியேறிப் போனார். நான் அங்கேயே ஒரு காலுறையோடு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் சொன்னால் ஆறுதல் கிடைக்கும் என்று பார்த்தால், சாய்மி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தனை வருஷமா எதிர்வீட்டுல இருக்கறவரை அடையாளம் தெரியலையாப்பா?"

"துணியோட பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்!"

"இப்ப முழுசாப் பாத்துட்டீங்கல்ல, போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க" என்றாள் ஹெல்யா.

எப்படிப் போவது? அன்றிலிருந்து நான் கீழே இறங்கவே இல்லை. மூன்று சனிக்கிழமைகளாக மணல் கடிகாரத்துக்கு முன்னால் நின்று குளிக்கிறேன். இப்போதெல்லாம் கதவு ஓட்டையில் பார்த்துவிட்டு, அதற்கு மேலும் ஒரு நிமிஷம் காத்திருந்துதான் வெளியே போகிறேன். பழைய முறை திரும்பினால் அவருக்கு ஐந்து மணி, எனக்கு ஆறு மணி. ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கவே வேண்டாம். வரும் கூட்டத்தில் நானே போய் உட்கார்ந்து, நானே கை தூக்கப்போகிறேன். தாளில் நம் வீட்டின் சார்பில் ஓட்டுப் போடுகிறவர் என்ற இடத்தில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். நீ கீழே கையெழுத்துப் போட்டால் போதும்.

ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது. நேற்று சாய்மியிடம், "உனக்கு எதிராத்தான் ஓட்டுப் போடப்போறேன்" என்று சொல்லிவிட்டேன். "போடுப்பா, அது உன் இஷ்டம்" என்றாள். தலையைப் பின்னுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கட்டடம் முழுக்கப் பார்க்கும்படி சொந்த அப்பனே அவளைத் தோற்கடிக்கப்போகிறான். இருந்தாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

அத்தானுக்கு என் வணக்கம், அவர் முழங்கால்களுக்கு என் தனி விசாரிப்பு. உங்கள் சௌனாவில் விறகு குறையாமலும், உங்கள் ஏரியில் ஐஸ் காலத்தோடு உறைந்தும், நீங்கள் இருவரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் கையெழுத்தை எதிர்பார்த்து,
தம்பி ரைமோ

பி.கு.: மேலே எழுதியதை மடித்து உறைக்குள் வைக்கும்போது வாசல் மணி அடித்தது. ஹெல்யாவும் சாய்மியும் பெண்கள் முறை முடிந்து ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. நான் போய் ஓட்டையில் கண்ணை வைத்தேன். பச்சைத் தொப்பி. மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"உள்ளதான் நிக்கறீங்க, ஓட்டை இருட்டாயிடுச்சு" என்றது குரல்.

திறந்தேன். தோளில் துண்டும் கையில் வாளியுமாக நின்றார்.

"எருமை மாடு வந்திருக்கேன்" என்றார் கோர்பெலா. "மூணு வாரமா ஏன் வரலை? கீழ எல்லாரும் கேக்கறாங்க. இங்க பாருங்க, உங்களுக்காக அடுப்பு சும்மா எரிஞ்சிட்டு இருக்கு. உங்க பொண்ணுக்குத் தெரிஞ்சா எங்களப் பாக்கற பார்வையை யார் தாங்கறது?"

அக்கா, இந்தக் கட்டடத்துக்கு வந்த நாளிலிருந்து என்னைப் பார்த்து யாரும் ஏன் வரவில்லை என்று கேட்டதில்லை. மன்னிப்பு என்ற வார்த்தை பாதிதான் வெளியே வந்தது. "மிச்சத்தை மேல் படியில உக்காந்து சொல்லுங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போதுதான் மேலே வந்தேன். தலையிலிருந்து சொட்டுகிறது, தாள் நனைந்திருந்தால் அதனால்தான்.

ஆகவே அந்தத் தாளில் என் பெயரை அடித்துவிட்டு, சாய்மி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. நான் சொல்லித்தான் எழுதினாய் என்று மட்டும் அவளிடம் மூச்சு விடாதே. அத்தைதான் தன்னைக் காப்பாற்றினாள் என்றே இருக்கட்டும். கூட்டம் முடிந்து துள்ளிக்கொண்டு வந்து, "தோத்துட்டியேப்பா!" என்று அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள் பார், அதை நான் கேட்க வேண்டும்.