அரை ஃப்ரேம் அக்கா

"கதாநாயகி வாயை மூடினதுக்கப்புறம் பேசுறாளே!" என்று முணுமுணுத்தாள் அக்கா.

டப்பிங் ஸ்டூடியோவில் உதட்டசைவுக்குக் குரலைப் பொருத்துவது அவள் வேலை. நொடிக்கு இருபத்துநான்கு ஃப்ரேம். அதில் அரை ஃப்ரேம் பிசகினாலும் பிடித்துவிடுவாள். அதனால் அங்கே எல்லோருக்கும் 'அரை ஃப்ரேம் அக்கா'. அந்தக் கண்ணையும் காதையும் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆனால் ஒற்றைத் தலைவலி வந்துவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. படம் முன்னால் போகும், சத்தம் பின்னால் வரும்.

இன்று காலையிலிருந்தே இடது நெற்றிப்பொட்டு தெறித்தது. ஐந்து மணிக்குப் படத்தைக் கொடுத்தாக வேண்டும். "இன்னொரு தடவை தலைவலின்னு சொன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று முதலாளி போன வாரம்தான் எச்சரித்திருந்தார்.

அக்கா குரலை இரண்டு ஃப்ரேம் முன்னால் தள்ளினாள்.

"அக்கா, இப்ப வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே பேசுறா!" என்றார் ஒலிப்பதிவாளர்.

அவசரமாகப் பின்னால் இழுத்தாள். கூடவே பக்கத்து வரியும் நகர்ந்தது.

"இப்ப வில்லன் வசனம் அவ வாயில வருதுக்கா!" தலையில் அடித்துக்கொண்டு அவர் அடுத்த அறைப் பதிவுக்குப் போய்விட்டார்.

அக்கா மாத்திரை போட்டாள். வலி போகுமுன் தூக்கம் வந்தது. விழித்தபோது மணி நாலு.

"என் தலை இன்னிக்குப் பொய் சொல்லுது. அதுகிட்ட எதுக்குக் கேக்கணும்?"

காலையிலிருந்து செய்ததையெல்லாம் அழித்தாள். படத்தைப் பார்க்கவே இல்லை. படப்பிடிப்பில் பதிவான மூலக் குரல் திரையில் அலைக்கோடாகத் தெரிந்தது; அதற்கு நேர்கீழே புதுக் குரலின் கோட்டை நகர்த்தி, திரைமேல் ஸ்கேல் வைத்து அளந்தாள். அறுபத்திரண்டு வரிகள். மண்டையில் சம்மட்டி அடிக்கும்போது வேறு யார் செய்வார்கள்? நானாக இருந்தால் மூன்றாவது வரியிலேயே படுத்திருப்பேன்.

ஐந்து மணிக்கு முதலாளி வந்தார், பின்னால் அவர் பையோடு டிரைவர். படம் ஓடியது.

"என்னம்மா இது? குரல் பின்னாலயே ஓடி வருது!"

"சார், ஒவ்வொரு வரியும் அளந்து வச்சிருக்கேன்..."

"அளவு யாருக்கு வேணும்? எனக்குத்தான் கண்ணு இருக்கே! நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

அக்கா கண் கலங்கிக் கைப்பையை எடுத்தாள். டிரைவர் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. காலையில கார் கதவைச் சாத்தினப்பவும் சத்தம் லேட்டா வருதுன்னு என்னைத் திட்டினீங்க. அந்த ஒத்தைத் தலைவலி மாத்திரையை இப்பவாவது போட்டுக்கறீங்களா?"