மிலனின் அபராதமும் என் மறியலும்

பேரன்புக்குரிய வெரா அக்காவுக்கு,

தம்பி ஆண்டி ஹுடாக், மிலனுடைய அணியின் பயிற்சி முகாம் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி பெர்னியும் சுகம். உன் இடுப்பு வலிக்கு ஃபுளோரிடா வெயில் இதமாக இருக்கும் என்று நம்புகிறேன். எட் அத்தானையும் விசாரித்ததாகச் சொல். எஃகு ஆலையில் அவர் மேஸ்திரியாக, முதலாளி பக்கத்து ஆளாக இருந்ததை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதை அவரிடமே சொல்லியும் வருகிறேன்.

நேற்று என்னைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "ஆண்டிக்கு என்னடி ஆச்சு, நெருப்புக்குப் பக்கத்துல உக்காந்து அழுதுக்கிட்டிருக்கான்?" என்று பெர்னியிடம் போனில் கேட்டாயாம். நான் அழவில்லை அக்கா, அது புகை. அந்தத் தொலைக்காட்சிக்காரன் சொன்னதை வைத்து நீ தம்பியைத் தவறாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உன் மருமகன், என் மகன் மிலன், அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்து எறிகிற பையன்மேல் தூசி படாமல் இருக்க, எட்டு வருஷமாக முன்னால் நின்று மலை மாதிரி ஆட்களை முட்டித் தள்ளுகிறான். அதில் அவனுடைய இடது முழங்கால் இரண்டு தடவை கத்தியைப் பார்த்துவிட்டது. பந்து எறிகிறவனுக்கு விளம்பரத்தில் ஷாம்பு கொடுக்கிறார்கள், இவனுக்கு ஐஸ் பை கொடுக்கிறார்கள். பழைய ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி. நடுவில் முழங்கால் போனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அத்தோடு கதை முடிந்தது. அதனால் மிலன், "கால் போனாலும் காசு நிக்கக் கூடாது, அப்படி எழுதிக் கொடுங்க, அப்புறம் முகாமுக்கு வர்றேன்" என்றான். அணிக்காரர்கள், "முதல்ல வா, அப்புறம் பேசலாம்" என்றார்கள். அவன் போகவில்லை. போகாத ஒவ்வொரு நாளுக்கும் ஐம்பதாயிரம் டாலர் அபராதம். நான் ஆலையில் ஒரு வருஷம் முழுக்க வெந்து சம்பாதித்தது அதைவிடக் குறைவு. அதையும் பெரிய மனது பண்ணித் தள்ளுபடி செய்ய முடியாதாம், விதி அப்படியாம். யார் போட்ட விதி என்று விசாரித்தேன். முதலாளிகளும் ஆட்டக்காரர்கள் சங்கமும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட விதி. சங்கம், அக்கா. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இவ்வளவு பெரிய வேலைநிறுத்தத்தை நம் பிள்ளை எங்கே நடத்தினான் என்று நினைக்கிறாய்? எங்கள் வீட்டு நிலவறையில், சோபாவில். நிருபர்களுக்குப் பயந்து திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு, பெர்னி செய்த கோஸ் இலைச் சுருளைத் தட்டுத் தட்டாகக் காலி பண்ணிக்கொண்டு கிடந்தான். காலுறை போடாமல் ஷூ மாட்டுகிற ஏஜெண்ட் ஒருவன் தினமும் போனில் "பொறுமையா இருங்க" என்கிறான். நான் பார்த்தேன், பார்த்தேன். பிறகு கேட்டுவிட்டேன். "ஏன்டா, வேலைநிறுத்தம்னா ஒரு வாசல் வேண்டாமா, ஒரு தட்டி வேண்டாமா? நீ ஸ்ட்ரைக் பண்றியா, சளி பிடிச்சுப் படுத்திருக்கியா?"

"அப்பா, இது வேற மாதிரி. நீங்க இதுல தலையிடாதீங்க," என்றான்.

தலையிடவில்லை. நானும் செஸ்டரும் காரில் ஏறி முகாம் நடக்கிற கல்லூரி வாசலுக்கு வந்து சேர்ந்தோம், அவ்வளவுதான். செஸ்டரை உனக்குத் தெரியும், எஃகுத் தகடு உருட்டும் பிரிவில் என்னோடு வேலை பார்த்தவன். மனைவி இறந்தபிறகு வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்தவன், மறியல் என்றதும் ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் காரில் உட்கார்ந்துவிட்டான். தட்டி எழுதினோம். எண்ணெய்ப் பீப்பாயில் விறகு போட்டுக் கொளுத்தினோம். வாசல் காவலாளி டுவெய்ன் நல்ல பையன், மெதுவாக வந்து, "சார், ஜூலை மாசத்துல எதுக்கு நெருப்பு?" என்றான். "தம்பி, மறியல்னா பீப்பாய் எரியணும்," என்றேன். "சரி சார், அவரோட சிலிண்டரைக் கொஞ்சம் தள்ளி வைங்க," என்றான். அது நியாயமான பேச்சு, தள்ளி வைத்தோம்.

முதலில் கோழி லாரி வந்தது. ஓட்டுநர் தட்டியைப் படித்தான், எங்களைப் பார்த்தான், தொப்பியைத் தொட்டான், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அவன் லாரிச் சங்கத்து ஆள், மறியலைத் தாண்டமாட்டான். அவனுக்குப் பின்னால் முட்டை வந்தது, பால் வந்தது, சலவை வண்டி வந்தது. எல்லாம் திரும்பின. உள்ளே தொண்ணூறு தடியர்கள் துவைக்காத சட்டையோடு பசியில் உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சியாளர் காசு போட்டால் மிட்டாய் விழும் பெட்டியோடு சண்டை போட்டதாக டுவெய்ன் சொன்னான். நேற்று இரவே அணிக்காரர்கள் ஏஜெண்டைக் கூப்பிட்டுவிட்டார்கள். மிலன் கேட்டதெல்லாம் சரியாம். ஒரே நிபந்தனை, இன்று மாலைப் பயிற்சி முடிவதற்குள் அவன் உள்ளே வந்து டாக்டரிடம் முழங்காலைக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள்.

இன்று காலை மிலன் வண்டியோடு வந்தான். வாசலுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான்.

"அப்பா, முடிஞ்சிருச்சு. தட்டியை இறக்குங்க."

"பேப்பர் எங்கடா?"

"உள்ள இருக்கு. டாக்டர் பாத்ததும் கையெழுத்து."

"உள்ள வா, அப்புறம் கையெழுத்து. இதைத்தானே எங்ககிட்டயும் சொன்னாங்க? நாங்க உள்ள போனோம். ஆலையே இல்லாமப் போச்சு."

"சரி, நீங்க நில்லுங்க. நான் போறேன்."

போகட்டும் என்றுதான் நின்றேன். வழியை நான் மறிக்கவில்லை அக்கா, இரண்டு லாரி போகிற அளவுக்குத் திறந்துதான் கிடந்தது. அவன் வண்டியைக் கிளப்பினான். என்னைப் பார்த்தான். வண்டியை அணைத்தான். ஹுடாக் வீட்டில் எவனும் மறியலைத் தாண்டியதில்லை என்று தொட்டிலிலேயே சொல்லி வளர்த்தது நான்தானே. பிறகு ஒன்று கேட்டான். "நீங்க எனக்காக நிக்கிறீங்களா, இல்ல உங்க ஆலைக்காக நிக்கிறீங்களா?"

நான் பீப்பாயில் இன்னொரு விறகைப் போட்டேன். பையன் வளர்ந்துவிட்டால் இப்படியெல்லாம் கேட்கத்தான் செய்வான்.

இப்போது மதியம் தாண்டிவிட்டது. அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பெர்னி போன் பண்ணி டுவெய்னிடம், "அந்த ரெண்டு கழுதைங்களும் சாப்பிட்டுச்சுங்களா?" என்று கேட்டிருக்கிறாள். இன்றைய அபராதமும் ஏறிக்கொண்டிருக்கிறது. என் முடிவு இதுதான்: பேப்பர் வெளியே வந்து என் கண்ணால் பார்க்கும்வரை நான் நகரமாட்டேன். நான் செத்தால்கூட இந்த நாற்காலியோடு எடுத்துப் புதைக்கச் சொல்லி செஸ்டரிடம் சொல்லியிருக்கிறேன். ஊர் என்ன சொன்னாலும், உன் தம்பி ஒரு நாளும் மறியலைத் தாண்டியவன் இல்லை என்று நீ தலைநிமிர்ந்து சொல்லலாம்.

கடவுள் உன் இடுப்பையும் அத்தானின் மனசாட்சியையும் காப்பாராக. உன் ஜெபமாலையில் மிலனின் முழங்காலுக்காக ஒரு மணியைக் கூடுதலாக உருட்டு.

என்றும் உன் தம்பி,
ஆண்டி

பின்குறிப்பு: மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன், வேறு தாள் இல்லை. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது மிலன் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். வலது காலை வெளியே வைத்தான். இடது காலைத் தொடையில் இரண்டு கையும் கொடுத்துத் தூக்கி, மூட்டை இறக்குகிற மாதிரி கீழே வைத்தான். நான் பார்ப்பதைக் கண்டதும் சிரித்தான். இது அவனுக்குக் கடைசி ஒப்பந்தம், இன்று விட்டால் இனி கிடையாது என்று அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. செஸ்டர் சிலிண்டர் மாற்றக் கார் பக்கம் போயிருந்தான். நான் தட்டியைப் பீப்பாயில் போட்டுவிட்டு, "போடா" என்றேன். போய்விட்டான்.

செஸ்டர் திரும்பி வந்து, "ஓட்டெடுப்பு எங்கடா? யாரைக் கேட்டு முடிச்ச?" என்றான். எனக்கு ஒரு ஓட்டு, அவனுக்கு ஒரு ஓட்டு, சமம். சமமானால் வேலைநிறுத்தம் தொடரும் என்பது அவன் வாதம். இன்னொரு தட்டி எழுதி எடுத்துக்கொண்டு தனியாக நின்றுவிட்டான். அந்த நேரம் பார்த்து டுவெய்ன் ஓடி வந்தான். "சார், உங்க பையன் டாக்டர் ரூம்ல உக்காந்திருக்கார். அப்பா வந்தாத்தான் பேன்ட்டைச் சுருட்டுவேன்னு அடம் பிடிக்கிறார்."

"தாண்டினா உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல, ஆண்டி," என்றான் செஸ்டர்.

அக்கா, நான் தாண்டினேன். "கருங்காலி" என்று முதுகுக்குப் பின்னால் செஸ்டர் கத்தியது கேட்டது. மறியலைத் தாண்டியவர்களைப் பார்த்து நாற்பது வருஷம் நான் கத்திய வார்த்தை. மூச்சு வாங்க வாங்கக் கத்தினான், பாவம்.

டாக்டர் முழங்காலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருகினார். மிலன் என் வலது கையைப் பிடித்துக்கொண்டான். "வலிக்குதா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லை" என்றான். இன்னும் கொஞ்சம் மடக்கி, "இப்ப?" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் "இல்லவே இல்லை" என்றான். அவர் தேறியது என்று எழுதினார், இவன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். பின்குறிப்பில் எழுத்து கோணலாக இருக்கிறதே என்று நினைக்காதே. என் வலது கையில் இரண்டு விரல் வீங்கிவிட்டது, பேனா பிடிக்க வரவில்லை.