டாக்டருக்கு இரவல் தந்த கை

முதலில் கேட்டது இடி. மூன்று இடி, ஒன்றன்பின் ஒன்றாக.

போர்வைக்குள் கிடந்த தராசுக்காரர் கொடியில் காயும் சட்டையை நினைத்துப் பதறி எழுந்தார். ஜன்னலைத் திறந்தால் வெளியே பளீரென்று மாலை வெயில். மழைக்கு ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. இடித்தது வானமில்லை, கூடத்தில் இருக்கும் டிவி. நாடகத்தில் மாமியார் திரும்பிப் பார்த்திருக்கிறாள். அந்த நாடகத்தில் யார் யாரைத் திரும்பிப் பார்த்தாலும் மூன்று முறை இடிக்கும்.

தராசுக்காரர் என்றால் காய்கறித் தராசு இல்லை. சரக்கு லாரியையே ஏற்றி நிறுத்தி எடை போடும் மேடையில் அவருக்கு இரவு வேலை. லாரி முனங்குகிற முனங்கலிலேயே உள்ளே இருக்கும் கனத்தைச் சொல்லிவிடுவார். கட்டிய மனைவியின் மனசில் என்ன கனம் என்பதற்கு மட்டும் முள் அசைந்ததே கிடையாது.

மனைவிக்குத் துணிக்கடையில் வேலை. பகலெல்லாம் நின்ற கால் உட்காராது. அவள் வீடு திரும்பும்போது இவர் எழுந்திருப்பார். இவர் கிளம்பிய பிறகு அவள் படுப்பாள். இருவரும் திறந்த கண்ணோடு ஒரே கூரைக்குக் கீழே இருப்பது சாயங்காலம் கொஞ்ச நேரம்தான். முன்பெல்லாம் அந்த நேரத்தில் அவள் பேசுவாள். கடையையே கவிழ்த்துப் போட்டுப் பார்த்துவிட்டு ஒரு கைக்குட்டையோடு போனவளைப் பற்றி, கண்ணாடி முன்னால் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சு விட மறந்த ஆளைப் பற்றி. அதைக் கேட்டுவிட்டுப் போனால்தான் அவருக்கு ராத்திரி நகரும். இப்போது அந்தப் பேச்சை நாடகம் தின்றுவிட்டது. மிச்சமாக அவர் தட்டில் விழுவது ஒரு "ஷ்ஷ்" மட்டும்தான்.

"டீ இருக்கா?"

"ஷ்ஷ்."

"இல்ல, டீ..."

"டாக்டர் பேசறாருங்க!"

டாக்டர் என்பவர் நாடகத்துக் கதாநாயகன்.

"பாருங்க, ஆபரேஷன் முடிச்சுட்டு அலுத்துப்போய் வந்த மனுஷன், பொண்டாட்டிய உட்கார வச்சுட்டுத் தட்டு கழுவறாரு. என்ன பாசமான கை!"

"ஆஸ்பத்திரியில கூட்டம் கம்மி போல."

"உங்களை யாரு என்ன சொன்னா? உங்க கைக்குத்தான் சோப்பு ஆகாதே."

ஆகாதுதான். கல்யாணமான புதிதில் ஆசை ஆசையாகப் பாத்திரம் கழுவியவர்தான் அவர். ஒருநாள் விரலிடுக்கில் சின்னதாக ஓர் அரிப்பு. கொசுவாகக்கூட இருக்கலாம். அவர் பழியைச் சோப்பின் மேல் போட்டார். மனைவி பதறிப்போய் ரப்பர் கையுறை வாங்கி வந்தாள். ரப்பரும் ஒத்துக்கொள்ளவில்லை. குளிக்கிற சோப்பு மட்டும் அன்றும் இன்றும் ஒத்துக்கொள்கிறது. அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்றைக்கு விளம்பர இடைவேளையில்தான் அவருக்கு ஞானம் பிறந்தது. 'எங்கள் ஸ்டுடியோவுக்கு வாருங்கள்! டாக்டர் வீட்டுக்குள் நடந்து பாருங்கள்!' என்று டிவியே கூப்பிட்டது. தராசுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்! தொலைவிலிருந்து பார்த்தால்தானே மாளிகை? கிட்டே போனால் அட்டை. பொய்யை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டால் பக்தி தானாகக் கழன்றுவிடும். சாயங்காலம் மீண்டும் தன் கைக்கு வந்துவிடும்.

"ஞாயித்துக்கிழமை ஸ்டுடியோ போலாமா?"

மனைவி டிவியிலிருந்து கண்ணை எடுத்தாள். அதுவே ஒரு சாதனை.

"உடம்பு ஏதும் சரியில்லையா உங்களுக்கு?"

"உன் சந்தோஷத்துக்குத்தான்."

"அப்ப மாடிவீட்டு அக்காவையும் கூப்பிடறேன். இதை நான் மட்டும் சொன்னா ஊர் நம்பாது."

ஸ்டுடியோ அவர் வேண்டிக்கொண்டதற்கு மேலேயே மோசமாக இருந்தது. வாசலில் வெயிலில் நீண்ட வரிசை. உள்ளே போனதும் இன்னொரு வரிசை. வெளியே நின்றது வரிசைக்கான வரிசை என்பது அப்போதுதான் தெரிந்தது. சின்னக் கொடி பிடித்த வழிகாட்டிப் பெண், மனப்பாடம் செய்த சிரிப்போடு முன்னால் நடந்தாள்.

"இதுதான் நீங்க தினமும் பார்க்கிற டாக்டர் மாளிகை!"

முன்பக்கம் மாளிகைதான். பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் ஒட்டுப்பலகை, முட்டுக்கொடுத்த கழி, காயப்போட்ட ஒரு துண்டு. கதவைத் திறந்தால் மறுபக்கம் வெறும் மண்தரை, அதில் ஒரு பூனை. வளைந்து வளைந்து போன மாடிப்படி, மாடியே இல்லாமல் அந்தரத்தில் முடிந்தது.

"அப்ப மாமியார் எங்கேருந்துதான் தினமும் இறங்கி வர்றா?" என்றாள் மாடிவீட்டு அக்கா.

"ஏணி இருக்கு மேடம்."

பழத்தட்டில் இருந்தது மெழுகு. அலமாரிப் புத்தகங்களுக்கு முதுகு மட்டும்தான், வயிறு இல்லை. "டாக்டர் எங்கேம்மா?" என்று யாரோ கேட்டார்கள். இன்றைக்கு அவருக்கு விடுமுறையாம். பதிலுக்கு அட்டையில் வெட்டிய டாக்டர் ஒருவர் நின்றிருந்தார். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். வெயிலில் அட்டை வளைந்து, டாக்டருக்கே வயிற்றுவலி வந்தது போல இருந்தது.

தராசுக்காரருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

"பார்த்தியா? எல்லாம் அட்டை."

மனைவி கூடத்து ஜன்னலிடம் போய் நின்றாள். நாடகத்தில் அந்த ஜன்னலுக்கு வெளியே கடல் தெரியும். அவள் கையை வெளியே நீட்டினாள். கடலில் விரல் பட்டது. கடல் மடிந்தது. துணி.

"நான் தினமும் விக்கிற துணிதாங்க இது. மட்டமான ரகம். சாயம் போயிடும்," என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் அவருக்கு என்னவோ போலாகிவிட்டது. நாளெல்லாம் நின்ற காலை நீட்டி, அவள் உட்கார்ந்து பார்க்க என்று இருந்தது அந்த ஒரு கடல். அதையும் பிடுங்கியாயிற்று. ஜெயித்துவிட்டார்தான். ஜெயித்த சரக்கை மேடையில் ஏற்றிப் பார்த்தால் முள் அசையவில்லை. சாயங்காலம் இனி என்ன பேசுவாள்? 'ஷ்ஷ்' கூட இருக்காது.

அப்போதுதான் சமையலறை அரங்கிலிருந்து இயக்குநர் வியர்வையும் கோபமுமாக வெளியே வந்தார்.

"இங்க யாராவது பாத்திரம் கழுவத் தெரிஞ்ச ஆம்பளை இருக்கீங்களா?"

கூட்டத்திலிருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள்.

"கை மட்டும் போதும் சார். டாக்டர் தட்டு கழுவற காட்சி. வழக்கமா கை கொடுக்கிற ஆளுக்கு விரல்ல காயம்."

"ஏன், டாக்டரே கழுவக் கூடாதா?" என்றாள் மனைவி.

"அவரு சோப்புத் தண்ணியைத் தொடமாட்டாரும்மா. தோலுக்கு ஆகாதாம்."

"அவருக்குமா!"

மனைவி டாக்டரின் அட்டையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். இடி இடிக்கவில்லை. இடித்திருந்தால் அவர் உஷாராகியிருப்பார்.

"போகட்டும் விடுங்க சார்," என்று அவள் இயக்குநரிடம் பெருமூச்சு விட்டாள். "டிவியில வர்ற அந்தப் பாசமான கை எல்லாருக்கும் அமையுமா? எங்க வீட்டு ஆம்பளைக்கெல்லாம் அந்த நயம் வராது."

தராசுக்காரருக்குச் சுருக்கென்றது. கூடவே ஒரு மின்னலும் அடித்தது. இவள் உருகுகிற கையே தன் கையாகிவிட்டால்? கடலைப் பிடுங்கியவன் கையையாவது கொடுக்க வேண்டாமா?

"வராதா? தள்ளு," என்று சட்டையை மடித்துவிட்டார்.

டாக்டரின் சட்டை என்று அவருக்கு மாட்டிவிட்டது இரண்டு சட்டைக்கைகளை மட்டும்தான். உடம்புப் பாகம் கிடையாது. குழாயிலும் தண்ணீர் கிடையாது. சுவருக்குப் பின்னால் ஒருவர் ரப்பர்க் குழாயைப் பிடித்து நின்றார்.

"பாசமா தேய்ங்க சார். பொண்டாட்டி மேல இருக்கிற அன்பு விரல்ல தெரியணும்."

தேய்த்தார். நுரை பொங்கியது. பழைய பழக்கம் விரலுக்கு ஞாபகம் வந்தது. தட்டின் விளிம்பை ஒரு சுற்று, முதுகை ஒரு சுற்று, கடைசியில் தட்டை ஒரு சிலுப்பு. அந்தச் சிலுப்பலுக்குக் கூட்டமே கைதட்டியது.

"தெய்வமே, என்ன கை சார்! இன்னொரு தடவை!"

இன்னொரு தடவை, மறுபடி இன்னொரு தடவை. சோப்பு முழங்கை வரை ஏறியது. ஓரக்கண்ணால் பார்த்தார். மனைவி கண்கொட்டாமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்கப் போன அன்றுகூட அவள் இப்படிப் பார்த்ததில்லை. இவர் கழுவிய தட்டையே இன்னொரு சுற்று தேய்த்தார்.

திரும்பும் பேருந்தில் அவள் அவருடைய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையைத் தடவினாள். புறங்கையைத் திருப்பினாள். விரல் விரலாகப் பிரித்தாள்.

"வலிக்குதாங்க?"

"சே, இதெல்லாம் ஒரு வேலையா?"

"எரியுதா?"

"இல்லம்மா."

"அரிக்குதா?"

"துளிகூட இல்..."

சொல்லி முடிப்பதற்குள் வார்த்தை வாயிலேயே உறைந்தது. ஆனால் பாதி வார்த்தையே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"நான் சாட்சி," என்றது பின்சீட்டிலிருந்து மாடிவீட்டு அக்காவின் குரல்.

"அது... ஸ்டுடியோ சோப்பு வேற ரகம்."

"நம்ம வீட்டு சோப்புதாங்க. உறையைப் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

அவள் கையை விடவில்லை. வீடு வந்து சேரும்வரை பிடித்துக்கொண்டே வந்தாள், பிடிபட்ட கை ஓடிப்போய்விடுமோ என்பது போல.

மறுநாள் சாயங்காலம் மூன்று இடி இடித்தது. சாப்பிட்ட தட்டோடு கூடத்துக்கு ஓடினார். மனைவி காலை நீட்டி டிவி முன்னால் சாய்ந்திருந்தாள்.

"எல்லாம் அட்டைன்னு நேர்ல பார்த்தியே! அப்புறம் என்ன?"

"அட்டைன்னு எனக்கு முன்னாடியே தெரியாதாங்க? கடல் பொய், மாடி பொய், டாக்டர் பொய். கை ஒண்ணுதான் நிசம்னு இப்பத்தானே தெரிஞ்சது." சமையலறைப் பக்கம் மோவாயை ஆட்டினாள். "சோப்பு திண்டுல இருக்கு."

அன்று தொடங்கியது அவருடைய பாத்திரக் கழுவல். அவர் ஏங்கிய பேச்சும் ஒருவழியாகத் திரும்பி வந்தது. விளம்பர இடைவேளைக்கு மட்டும். கூடத்திலிருந்து அவள் கடைக் கதையைக் கத்திச் சொல்வாள், குழாய் இரைச்சலில் அவருக்குப் பாதிதான் காதில் விழும். கைக்குட்டை வாங்க வந்தவள் கடைசியில் என்ன வாங்கினாள் என்று தெரியாமலே அவர் வேலைக்குக் கிளம்புவார்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம். கூடத்தில் இரண்டு பெண்களின் அலறல்.

"என்னங்க! ஓடி வாங்க! உங்க கை வருது! அக்கா, பாருங்களேன், இவரு கை!"

"கையெல்லாம் நுரைடி!"

"அய்யோ, போயிடுமே... சரி, நீங்க இருங்க, நான் பார்த்துச் சொல்றேன். அடடா, என்ன பாசமா தேய்க்கறீங்க! அந்தச் சிலுப்பலைப் பாருங்க அக்கா!"

அவர் எட்டிப் பார்த்தார். கதவு ஓரத்தில் டிவியின் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"முடிஞ்சிருச்சுங்க. அருமையா இருந்துச்சு," என்றாள் மனைவி. "அந்த அடிப்பிடிச்ச சட்டிய மறந்துடாதீங்க."

மூன்று இடி இடித்தது. தராசுக்காரர் சட்டியைக் கையில் எடுத்தார். நல்ல கனம். நாரில் சோப்பைத் தொட்டுக்கொண்டு, அடியிலிருந்து தேய்க்க ஆரம்பித்தார்.