வேலாயுதம் மாமாவை நான் மொழிபெயர்த்த மத்தியானம்

முரட்டு ஆட்களைச் சமாளிப்பதில் என்னை மிஞ்ச மலாக்காவில் ஆள் இல்லை என்று இருபத்திரண்டு வயதில் நான் நம்பினேன். (அந்த வயதில் நம்பிய மற்ற விஷயங்களையும் எழுதினால் பேரப்பிள்ளைகள் மதிக்கமாட்டார்கள்.)

நம்பிக்கைக்குக் காரணம் என் வேலை. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த புதிது. குடியுரிமைக்குப் பதிய வந்த கூட்டம் அலுவலக வாசலைத் தாண்டி ரோட்டில் நிற்கும். அங்கே நான் கிராணி, அதாவது குமாஸ்தா. தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கும் மலாய்க்கார அதிகாரிக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்க வேண்டும். பிறப்புப் பத்திரம் கேட்டால் ஒரு பெரியவர், "நான் பொறந்ததுக்கு இதோ நானே நிக்கிறேன், இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் இந்தாளுக்கு?" என்று சத்தம் போடுவார். நான் அதிகாரியிடம் திரும்பி, "வீட்டில் தேடிப் பார்ப்பதாகச் சொல்கிறார்" என்பேன். இரண்டு பக்கமும் சாந்தமாகிவிடும். என் திறமையை நானே மெச்சிக்கொண்டு தேநீர் குடிக்கப் போவேன்.

அப்போதுதான் அக்காவுக்கு வரன் வந்தது. அக்கா நர்ஸ். அதே ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸராக இருந்த அருணாசலத்துக்கு அவளைப் பிடித்துப்போய், வீட்டில் சொல்லி, பெண் கேட்டு வருவதாகத் தகவல் அனுப்பியிருந்தார். காஜா பெராங்கில் எங்கள் வீட்டிலிருந்து நாலு சந்து தள்ளித்தான் அவர்கள் வீடு. மலாக்கா செட்டிக் குடும்பம். சாமியும் பெயரும் நம்முடையவை. ஆனால் பல தலைமுறையாக இங்கேயே இருப்பதால் வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது புடவை இல்லை, மலாய்க்காரப் பெண்களைப் போலக் கைலியும் மேல்சட்டையுமான சரோங் கெபாயா. அக்காவுக்கு முழுச் சம்மதம். அம்மாவுக்கும் அரை மனதுக்கு மேல் வந்துவிட்டது.

ஒரே கவலை வேலாயுதம் மாமா.

மாமா அம்மாவுக்கு அண்ணன். ஜாசின் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை. மனதில் தோன்றுவதற்கும் வாயில் வருவதற்கும் இடையே அவருக்கு மூச்சுவிடும் நேரம்கூட இருக்காது. பெயர் வைக்கும் வீட்டில் குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, வளர வளர மூக்கு சரியாப் போயிடும்" என்பார். துக்க வீட்டில், "மனுசன் உசிரோட இருந்தப்ப இத்தன பேரு எட்டிப் பாக்கலியே" என்று எல்லோருக்கும் கேட்கும்படி வியப்பார். அப்பா இறந்துவிட்டதால், தாய்மாமன் இல்லாமல் சம்பந்தம் பேசவும் முடியாது.

"அண்ணனை என்னடா பண்ணலாம்?" என்றாள் அம்மா.

"என்கிட்ட விடுங்கம்மா. இவரை மாதிரி நான் தினம் நூறு பேரைப் பார்க்கிறேன்" என்றேன்.

என் திட்டம் எளிமையானது. மாமாவுக்குத் தெரிந்த மலாய் மொத்தம் மூன்று சொல்: சாப்பிடு, தூங்கு, திரும்பிப் போ. வருகிறவர்களுக்கோ தமிழ் தெரியாது. நடுவில் நான். மாமா என்ன பேசினாலும் என் வழியாகத்தானே போயாக வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அருணாசலமும் அவர் அம்மாவும் வந்தார்கள். அந்த அம்மா கொண்டைபோட்டு, பூப்போட்ட கெபாயாவில், ஒரு தட்டு நிறைய டோடோல் எடுத்து வந்திருந்தார். தேங்காய்ப்பாலும் வெல்லமும் மாவும் போட்டுக் கிண்டும் அந்தக் கறுப்புப் பலகாரம் அவர் கையாலேயே செய்தது.

மாமா மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். "என்னடா இது, இப்பத்தான் காய்ச்சல்லேர்ந்து எந்திரிச்சு வந்தவன் மாதிரி இருக்கான்?"

நான் புன்னகையோடு மலாயில், "மாப்பிள்ளை மிகவும் அடக்கமாக இருக்கிறார் என்கிறார்" என்றேன்.

அந்த அம்மா தலையசைத்தார். அருணாசலம் குனிந்து தரையையே பார்த்தார். என்ன பணிவு என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா டோடோலை ஒரு வாய் கடித்தார். வாயைத் திறக்கச் சிறிது நேரமாயிற்று. "ரப்பர் பால்ல செஞ்சாங்களா? பல்லப் புடுங்குதுடா."

"இந்தச் சுவை வாயைவிட்டுப் போக மாட்டேன் என்கிறதாம்."

"அப்படியா," என்றார் அந்த அம்மா. "மாமாவுக்கு இன்னொன்று கொடுங்கள்."

இன்னொன்று கொடுத்தேன். மாமா என்னை முறைத்தார். திரைக்குப் பின்னால் அக்கா இருமுவது கேட்டது. (அவளுக்கு மலாய் நன்றாகத் தெரியும். இருமல் இல்லை அது என்று பிறகுதான் புரிந்தது.) எனக்கோ உற்சாகம் தலைக்கேறிவிட்டது. அவர்கள் வீட்டுக் கூரையைப் பற்றி மாமா கேட்டதைக் குலப்பெருமை பற்றிய பாராட்டாக்கினேன். அவர் கொட்டாவி விட்டதைக்கூட, "மன நிறைவு" என்று மொழிபெயர்த்தேன்.

பிறகு மாமா டோடோலைக் கீழே வைத்தார். குரல் மாறியிருந்தது.

"கேளுடா. நம்ம புள்ள தமிழ்ல வளந்தது. நாளைக்கு அந்த வூட்ல ஒரு சங்கடம்னா யார்கிட்ட மனசு விட்டுப் பேசும்? அழுவணும்னாகூட மலாய்லதான் அழுவணுமா? அதக் கேளு."

சம்பந்தமே முறிந்துவிடும் போலிருந்தது. அவசரத்தில் மனதில் வந்ததைச் சொன்னேன். "உங்கள் வீட்டில் கிணறு இருக்கிறதா என்று கேட்கிறார்."

அந்த அம்மா என்னை நிதானமாகப் பார்த்தார். பிறகு தமிழில் சொன்னார்.

"கெணறு இருக்கு தம்பி. ஆனா மாமா கேட்டது கெணறு இல்ல."

காதுக்குள் வண்டு பறந்தது போல ஆகிவிட்டது எனக்கு. அம்மா கையிலிருந்த தேநீர் சாசரில் கொட்டியது.

"ஜப்பான்காரன் காலத்துல மூணு வருசம் தோட்டத்துல கூலிங்க இருக்குற லயத்து வூட்ல இருந்தோம்" என்றார். "அங்க பளகின தமிழ். இவனுக்கும் கேட்டாப் புரியும். பேச வெக்கமா இருந்துச்சு, அதான் சும்மா இருந்தேன். அப்பறம் தம்பி சொன்னது ரொம்ப அளகா இருந்துச்சா, நிறுத்த மனசு வரல."

அருணாசலம் அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பு பீறிட்டுவிட்டது. பணிவு போயே போயிற்று.

மாமா என் பக்கம் திரும்பினார். "இவ்வளவு நேரம் நீ என்னடா சொன்ன?"

அந்த அம்மாதான் ஒன்று விடாமல் சொன்னார். அடக்கம், சுவை, குலப்பெருமை, மன நிறைவு வரைக்கும். மாமா வாய் பிளந்து கேட்டார். "நானா? இவ்வளவு நல்லாவா பேசுனேன்?"

பிறகு அந்த அம்மா மாமாவுக்கு நேராக உட்கார்ந்துகொண்டார். "நீங்க கேட்டதுதான் கேக்க வேண்டியது. வந்ததுலேர்ந்து நானும் அதுக்குத்தான் காத்திருந்தேன். ஒங்க புள்ள என்கிட்ட பேசட்டும். என் தமிழ் தப்பா இருந்தா திருத்தட்டும். டோடோலும் ரப்பர்தான், இன்னிக்கு ரொம்பக் கிண்டிப்புட்டேன்."

மாமா ஒரு மூச்சு விட்டு, யோசித்துவிட்டுப் பேசினார். எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, எப்ப வச்சுக்கலாம்?" என்றார். மனிதர் கண்டபடி பேசியதெல்லாம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பயந்துதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினம் நூறு பேரைப் பார்த்தும், அவர்கள் எதற்காகச் சத்தம் போடுகிறார்கள் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

தையில் கல்யாணம் நடந்தது. மாமாவும் சம்பந்தியம்மாவும் சாகும்வரை ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு நல்ல சிநேகிதமாக இருந்தார்கள். எங்கள் வீட்டில் இன்றும் யாராவது வழவழவென்று மழுப்பினால், அக்கா பிள்ளைகள் மலாயிலேயே, "கிணறு இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள்.

மூன்று வருடம் கழித்து எனக்குப் பெண் பார்க்கப் போனோம். நான் வாயைத் திறக்கக்கூடாது என்பது ஏகமனதான முடிவு. என் சார்பில் பேசியது மாமா. பையன் எப்படி என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

"நல்லவன்தான்" என்றார் மாமா. "ஆனா இவன் எதையாவது நல்லா இருக்குன்னா, வேற யாரையாச்சும் ஒரு வார்த்த கேட்டுக்குங்க."

நாற்பது வருடமாக என் மனைவி சமைத்ததை நான்தான் முதலில் ருசி பார்க்கிறேன். பிரமாதம் என்பேன். அவள் கரண்டியோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள்.